வேலூர்க் கோட்டையில் இருந்த அரச கைதிகள்



வேலூருக்கு நாம் போகாத மாதம் குறைவு. ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, ரயில் என்று ஏதாவது ஒரு வேலை. நம் ஊரே 1989 செப்டம்பர் வரை வடஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் என்றால் வேலூர்தான். போகிறபோது கோட்டைக்குள் நுழைந்து ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, அகழியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போளூர் வழியாகத் திரும்பிவிடுவோம். அடுத்த முறை கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே திப்பு மகால், ஹைதர் மகால், கண்டி மகால் என்று சில கட்டடங்கள் இருக்கின்றன. பெயர்தான் மகால். ஆங்கிலேயர் அவற்றைப் பயன்படுத்தியது சிறையாக.

16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் கட்டிய கோட்டை இது. பீஜப்பூர், மராட்டியர், முகலாயர் என்று கைமாறி 1760இல் ஆங்கிலேயரிடம் வந்தது. ஆழமான அகழி, கனத்த கருங்கல் மதில், உள்ளேயே பட்டாளம். தோற்ற அரச குடும்பத்தை அடைத்து வைக்க இதைவிட வசதியான இடம் அவர்களுக்குத் தென்னாட்டில் கிடைக்கவில்லை.

முதலில் வந்தது திப்பு சுல்தானின் குடும்பம். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்த பிறகு பிள்ளைகள், பெண்கள், வேலையாட்கள் எல்லோரையும் இங்கே கொண்டுவந்தார்கள். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் குறைவில்லை. கோட்டையை விட்டுப் போகத்தான் முடியாது.

அடுத்து நடந்தது உங்களுக்குப் பள்ளிக்கூடப் பாடத்தில் தெரிந்ததுதான். புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் இறந்தனர். கொடிமரத்தில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆனால் ஆற்காடு அதிகத் தூரமில்லை. காலையிலேயே கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்துவிட்டார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பின் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். சென்னை கவர்னர் பென்டிங் பிரபுவுக்கும் பதவி போயிற்று. பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும்.

திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண்களில் சிலர் இந்த ஊரிலேயே மண்ணானார்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம் 1806இல் காலமானார். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834இல். இருவரின் சமாதியும் வேலூரில்தான். மைசூரை ஆண்ட வீட்டுப் பெண்மணி 35 வருடம் வேலூர் வெயிலில் கழித்திருக்கிறார். அதைப் பற்றி நம் புத்தகங்களில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை.

காலியான கோட்டைக்கு 1816இல் இன்னொரு ராஜா வந்தார். இலங்கையின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி உறவில் கண்டி சிம்மாசனம் ஏறிய குடும்பம் அது. 18 வயதில் அரசரானவர். நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது; எதிர்த்த பிரதானி எஹெலபொலவின் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் கொல்லச் செய்தவர். கடைசியில் பிரதானிகளே ஆங்கிலேயர் பக்கம் சாய, 1815 பிப்ரவரியில் பிடிபட்டார். மார்ச் 2ஆம் தேதி ஒப்பந்தம் எழுதி நாட்டை வாங்கிக்கொண்டார்கள். மறு வருடம் ஜனவரியில் ராணிகளோடும் உறவினர்களோடும் கொழும்பிலிருந்து கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூருக்குக் கொண்டுவந்தார்கள்.

பதினாறு வருடம் இருந்தார். 1832 ஜனவரி 30ஆம் தேதி இங்கேயே இறந்தார். அவருடைய சிம்மாசனமும் கிரீடமும்கூட இங்கிலாந்துக்குப் போய், 1934இல் கொழும்புக்குத் திரும்பிவிட்டன. அவர் திரும்பவில்லை. பாலாற்றங்கரையில் அவருடைய சமாதி உள்ள இடத்தில் 1990இல் தமிழக அரசு முத்து மண்டபம் கட்டியது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

கோயிலுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இந்தக் கைதிகள் இருந்த காலத்தில் அங்கே மூலவரும் இல்லை, பூஜையும் இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அதாவது, இன்றைக்குக் கூட்டம் நிற்கிற இடம் அன்று வெறிச்சோடிக் கிடந்தது. அன்று காவல் போட்டிருந்த மகால்கள் பக்கம்தான் இன்றைக்கு ஆள் நடமாட்டம் குறைவு. அந்தக் கட்டடங்கள் பிறகு அரசாங்க உபயோகத்துக்கும் போலீஸ் பயிற்சிக்கும் பயன்பட்டன. எல்லாவற்றுக்குள்ளும் நம்மை விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம்.

போவதானால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று அரசு அருங்காட்சியகம் விடுமுறை. கோட்டையைப் பார்த்த பிறகு மக்கான் சந்திப்பில் சிப்பாய்களின் நினைவுத் தூண் இருக்கிறது, அங்கே ஒரு நிமிடம். பிறகு பாலாற்றங்கரை. ஆட்டோக்காரரிடம் 'கண்டி ராஜா சமாதி' என்று சொல்லிப் பாருங்கள். புரியாவிட்டால் 'முத்து மண்டபம்' என்று சொல்லுங்கள்.