சான்றிதழும் அகதியும்: ஒன்ராறியோவில் ஆசிரியத் தகைமையின் கதை

புலம்பெயர்ந்த ஆசிரியர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'கனடா எங்கள் படிப்பை மதிக்கவில்லை' என்ற ஒற்றை வாக்கியத்தோடு நமது உரையாடல் முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, ரொறன்ரோவில் களஞ்சியசாலையொன்றில் இரவுவேலை செய்தவன் என்ற முறையில் அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆயினும் கோபம் வரலாற்றுக்கு ஈடாகாது. ஒரு சான்றிதழ் எப்போது செல்லுபடியாகிறது, எப்போது வெறுங் கடதாசியாகிறது என்பதை நாம் இன்னும் ஆழமாக ஆராயவில்லை.

நமது ஆசிரியர்கள் கடல் கடந்தது 1983 இற்குப் பிறகுதான் என்றில்லை. பிரித்தானிய ஆட்சிக்காலத்தில் எழுதுவினைஞர்களோடும் புகையிரதப் பகுதி ஊழியர்களோடும் ஆசிரியர்களும் மலாயாவுக்குப் போனார்கள். கேம்பிரிட்ஜ், லண்டன் பரீட்சைகளில் பெற்ற சித்தி இரு கரைகளிலும் ஒரே பெறுமதி கொண்டிருந்தது. பரீட்சையை நடத்தியதும் வேலையைக் கொடுத்ததும் ஒரே பேரரசு. பின்னர், 1976 இல் நைஜீரியா அனைவருக்குமான ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. எண்ணெய் வருமானம் இருந்தது, ஆசிரியர்கள் இல்லை. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் அழைக்கப்பட்டார்கள். நமது பட்டங்கள் அங்கே போதுமானவையாக இருந்தன. எண்ணெய் விலை சரிந்து 80களில் அந்நாட்டுப் பொருளாதாரம் நொடித்தபோது பலர் வெளியேற நேர்ந்தது. பட்டம் மாறவில்லை, தேவை மாறிவிட்டது.

1983 இற்குப் பின் ரொறன்ரோவுக்கு வந்த நம்மை எந்த அரசும் ஆசிரியராக அழைக்கவில்லை. அகதிகளாக நாமாகவே வந்தோம். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தகைமைப் பிரச்சினையை விளங்கிக்கொள்ள முடியாது.

ஒன்ராறியோவில் ஆசிரியர் சான்றிதழ் வழங்கும் பொறுப்பு நெடுங்காலம் மாகாணக் கல்வி அமைச்சிடம் இருந்தது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி 1997 இல் அதைப் பொறுப்பேற்றது. பெயர் கல்லூரி என்றாலும் அது படிப்பிக்கும் இடமன்று. தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை. பொதுக்கல்வி ஆசிரியருக்கு அது பட்டத்தையும் ஆசிரியப் பயிற்சியையும் கேட்கிறது. இங்கேதான் நமது முடிச்சுகள் விழுந்தன. கோப்பாய் போன்ற கலாசாலைகளில் இரண்டு வருடம் பயின்ற 'பயிற்றப்பட்ட ஆசிரியர்' பலரிடம் பட்டம் இல்லை. பட்டதாரி ஆசிரியர் பலரோ நியமனம் பெற்றுப் பல வருடங்களுக்குப் பின்னரே கல்வி டிப்ளோமா செய்யும் வழக்கம். அதைச் செய்யுமுன் நாட்டைவிட்டு வந்தவர்களிடம் பயிற்சிச் சான்று இல்லை.

மூன்றாவது முடிச்சு இவையிரண்டையும்விடக் கடுமையானது. ஆவணங்களை விண்ணப்பதாரர் கையில் கொண்டுவந்தால் போதாது. அவற்றை வழங்கிய நிறுவனமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்பது விதி. போலிகளைத் தடுக்க அது அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1995 ஒக்டோபரில் ஓரிரவில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய ஒருவரின் பாடசாலைப் பதிவேடு எங்கே இருக்கும்? எந்த அரசுக்கு அஞ்சி ஓடினாரோ அந்த அரசின் திணைக்களத்துக்கே தன் விலாசத்தை எழுதிக் கடிதம் கேட்கும்படி ஓர் அகதியிடம் சொல்வது எப்படி நியாயமாகும்?

இந்தக் கேள்விகள் மாகாணத்துக்குப் புதியவையல்ல. பீற்றர் கமிங் தலைமையிலான பணிக்குழு, பிறநாட்டில் பயின்றவர்கள் தொழில்களில் நுழைவதற்குள்ள தடைகளை ஆராய்ந்து 1989 இலேயே அறிக்கை வெளியிட்டது. தொழிற்சபைகள் நியாயமாக நடக்க வேண்டுமென்ற சட்டம் வருவதற்கு 2006 வரை, பதினேழு வருடங்கள் பிடித்தன. 2007 ஜனவரியில் ஒன்ராறியோவின் டிவிஷனல் நீதிமன்றம் ஒரு தீர்ப்பை வழங்கியது. ஈரானிலிருந்து அகதியாக வந்த ஓர் ஆசிரியை, தன் ஆவணங்களை அங்கிருந்து தருவிக்க முடியாத நிலையில் தொடுத்த வழக்கு அது. வேறுவழிகளில் தகைமையை நிரூபிக்க அவருக்கு இடமளிக்காமல் விட்டதன் மூலம் ஆசிரியர் கல்லூரி மனித உரிமைச் சட்டம் விதித்த கடமையை நிறைவேற்றவில்லை என்று கூறி, விண்ணப்பத்தை மீண்டும் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் பணித்தது.

இவ்வழக்கைத் தொடுத்தது நமது சமூகமல்ல. வானொலிகளும் பத்திரிகைகளும் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நிறைந்த இந்நகரில், நமது ஆசிரியர்களின் நிலை ஏன் ஒரு பொதுக் கோரிக்கையாக எழவில்லை? சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் அதற்கு ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். 1977 இல் தொடங்கிய மாகாணத்தின் மரபுமொழித் திட்டத்தில் படிப்பிக்க ஒன்ராறியோ ஆசிரியர் சான்றிதழ் தேவையில்லை. வாரத்தில் இரண்டரை மணித்தியாலம் நாம் மீண்டும் 'ரீச்சர்', 'மாஸ்ரர்' ஆனோம். அந்த வகுப்புகள் மொழிக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் அங்கே கிடைத்த மரியாதை, மிகுதி ஐந்து நாளும் இழந்திருந்த தொழிலைப் பற்றிப் பேசாதிருக்க நம்மைப் பழக்கிவிட்டது. நட்டம் தனிமனித அவமானமாக வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போயிற்று.

2007 தீர்ப்பு மூன்றாவது முடிச்சை மட்டுமே தளர்த்தியது. முதலிரண்டும் அப்படியே உள்ளன. 2015 முதல் இம்மாகாணத்தின் ஆசிரியப் பயிற்சி ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடமாக நீண்டிருக்கிறது. புதிதாக வருபவர் தாண்டவேண்டிய தூரமும் கூடியிருக்கிறது. வகுப்பறையில் பெற்ற அனுபவத்தை எப்படி அளப்பது, யார் அளப்பது என்ற விவாதம் மிஞ்சியிருக்கிறது. அடுத்ததாக அகதியாக வரும் ஆசிரியர் தமிழராகவே இருக்கவேண்டும் என்றில்லை. அவருக்காகப் பேச நம்மிடம் அனுபவம் உண்டு. அதை ஆவணமாக்காமல் விட்டால், நமது தலைமுறையின் இழப்பு ஒருவருக்கும் பயன்படாமற் போய்விடும்.