தாள் வயலும் வாத்துக் கிடையும்

2004 ஜனவரியில் தாய்லாந்து தன் மண்ணில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியிருப்பதை அறிவித்தபோது எல்லோர் கண்ணும் கோழிப் பண்ணைகள் மேல் விழுந்தது. கோழி இறைச்சி ஏற்றுமதியில் அந்நாடு அப்போது உலகின் முன்வரிசையில் இருந்தது. அந்த ஓராண்டில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன அல்லது அழிக்கப்பட்டன. ஆனால் நோய் தாக்கிய ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் அவை திரண்டு நிற்பது சுபன் புரியைச் சுற்றிய சாவ் பிரயா ஆற்றுச் சமவெளியில். அது நாட்டின் நெற்களஞ்சியம். கிருமிக்கு அங்கே பாதை போட்டுக் கொடுத்ததில் கோழிக் கொட்டகையைவிடப் பெரிய பங்கு ஐம்பதாண்டுப் பாசன வரலாற்றுக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

அந்தச் சமவெளியில் ஒரு காலத்தில் ஒரு போகம்தான். மழையோடு நட்டு, பகற்பொழுது சுருங்கும்போது கதிர்விடும் பழைய ரகங்கள். ஊரெல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் அறுவடை. 1957இல் சைநாட்டில் சாவ் பிரயா அணையும் 1964இல் வடக்கே பூமிபோல் அணையும் வந்தபின் கோடையிலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத குறுகிய கால நெல் 1969 முதல் பரவியது. இரு போகம் வழக்கமாயிற்று. தண்ணீர் தாராளமாகக் கிடைத்த இடங்களில் அதற்கு மேலும் விளைந்தது. வாய்க்காலுக்கு வாய்க்கால் நடவு முன்பின்னாக நடந்ததால், எந்த மாதத்திலும் எங்கோ ஓரிடத்தில் அறுவடை முடிந்த வயல் கிடந்தது. அங்கே சிந்திய நெல், பூச்சி, நத்தை. வாத்து வளர்ப்பவருக்கு இது காசில்லாத தீவனம். ஆயிரக்கணக்கில் வாத்துகளைச் சேர்த்து, ஒரு வயல் தீர்ந்ததும் அடுத்ததற்கு ஓட்டினார்கள். தூரமானால் லாரியில் ஏற்றி மாவட்டம் தாண்டினார்கள். நத்தையைத் தின்று எருவும் போடுவதால் நிலக்காரரும் தடுக்கவில்லை. யாரும் திட்டமிடாமலே, ஆண்டு முழுதும் நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு மந்தை உருவாகிவிட்டது.

கோழிக்கு இந்தக் கிருமி வந்தால் ஓரிரு நாளில் கொட்டகையே காலி, மறைக்க முடியாது. வாத்து அப்படியல்ல. அக்காலத்துக் கிருமி வகைகள் பலவற்றைத் தாங்கிக்கொண்டு, நலமாகத் தோன்றியபடியே எச்சத்திலும் வாய்நீரிலும் கிருமியைக் கழித்தது. அந்த எச்சம் விழுந்த தண்ணீரில் அடுத்த மந்தை இறங்கியது. 2004 ஜூலையில் தொடங்கிய இரண்டாம் அலையை ஆராய்ந்த மரியுஸ் கில்பெர்ட் குழுவினர், நோய் கண்ட இடங்களோடு நெருங்கிப் பொருந்துவது மேய்ச்சல் வாத்துகளின் எண்ணிக்கை என்று கண்டார்கள். பண்ணைக் கோழிகளின் எண்ணிக்கை அவ்வளவு பொருந்தவில்லை. ஆண்டில் எத்தனை போகம் விளைகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்துச் சேர்த்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது.

நெல்லும் வாத்தும் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்தே இருந்தனவே, நோய் ஏன் இப்போது என்று கேட்கலாம். கிருமி புதிது என்பது பாதி பதில். இந்த வம்சம் 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் ஒரு வாத்தினப் பறவையில் முதலில் கண்டறியப்பட்டது. மீதிப் பாதி, பழைய ஒருபோக வயலில் மேய்ச்சல் சில வாரங்களில் முடிந்துவிடும் என்பது. காட்டுப் பறவைகளைக் கைகாட்டுவோரும் உண்டு. நக்கோன் சவன் பக்கம் நத்தைகுத்தி நாரைகளில் கிருமி இருந்தது உண்மை. ஆனால் அவை இரை தேடுவதும் அதே சேற்று வயலில். வாத்திடமிருந்து நாரைக்குப் போயிருக்கவும் வாய்ப்புண்டு. சந்தை, முட்டைத் தட்டு, சேவற்சண்டை ஆகியவற்றின் பங்கையும் மறுப்பதற்கில்லை. அவை ஊரிலிருந்து ஊருக்குத் தாவியதை விளக்கும். ஒரே சமவெளியில் நோய் திரும்பத் திரும்பத் தலைகாட்டியதை விளக்கா.

2004 அக்டோபரில் வீடுவீடாகச் சோதனை நடத்திய தாய்லாந்து, பிறகு மேய்ச்சல் வாத்துகளின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. நோய் வெகுவாகக் குறைந்தது. அதே சமயம் அழிப்பும் கண்காணிப்பும் தீவிரமானதால், முழுப் பெருமையையும் இந்த ஒரு நடவடிக்கைக்குக் கொடுத்துவிட முடியாது. இழப்பு யாருக்கு என்பதில் மட்டும் குழப்பமில்லை: காசில்லாத் தீவனத்தை நம்பிய மேய்ப்பவருக்கு. நமக்கு அருகே கேரளத்தின் குட்டநாட்டிலும், கடல்மட்டத்துக்குக் கீழே காயலை மீட்டு உண்டாக்கிய வயல்களில், அறுவடைக்குப் பின் வாத்து மேய்கிறது. 2014 நவம்பரில் அங்கு நோய் வந்தபோது வலசைப் பறவைகளின் மேல் சந்தேகம் எழுந்தது. பருவமும் அதற்கு ஒத்துவந்தது. 2024 ஏப்ரலில் எடத்துவா, செருதனா பகுதிகளில் வாத்துகள் செத்தபோதோ குளிர்கால விருந்தாளிகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். அது அங்கே ‘புஞ்ச’ எனப்படும் நெற்போகத்தின் அறுவடைக் காலம்.