சேலம் விமான நிலையத் தரவு

சேலம் விமான நிலையத் தரவு என்பது, ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள நிலையத்தின் இருப்பிடம், ஓடுபாதை, சேவைகள் ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து ஆய்வுக்காக ஒழுங்குபடுத்திய தொகுப்பு. சேலம், நாமக்கல் சமவெளியில் வணிக விமானங்கள் வந்துபோகும் ஒரே நிலையம் இது.

இதன் அடையாளக் குறியீடுகள் இரண்டு. பயணச்சீட்டில் இடம்பெறுவது எஸ்எக்ஸ்வி. வான்வழிக் கட்டுப்பாட்டில் வழங்குவது விஓஎஸ்எம். பிந்தையதில் ‘வி’ தெற்காசியப் பகுதியையும் ‘ஓ’ தென்னிந்தியாவையும் சுட்டும். ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படலாம் என்பதால், பட்டியல்களை இணைக்கக் குறியீடே நம்பகமானது. ஓடுபாதையின் நீளம் சுமார் 1,800 மீட்டர்; ஏடிஆர் வகைச் சிறு விமானங்களுக்கு ஏற்றது.

சேவை வரலாறே தரவின் சிக்கலான பகுதி. 1993இல் திறக்கப்பட்ட நிலையம் நெடுங்காலம் விமானமின்றிக் கிடந்தது. 2009இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் சென்னைக்குத் தொடங்கிய சேவை சில ஆண்டுகளில் நின்றது. மத்திய அரசின் வட்டார விமான இணைப்புத் திட்டமான உடானின் கீழ் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர், இண்டிகோ சேவைகள் தொடங்கின. எனவே நிலையத்தைப் போக்குவரத்து வலையமைப்பின் ஒரு கணுவாகவும், ஒவ்வொரு வழித்தடத்தையும் தொடக்க, முடிவுத் தேதிகளுடன் தனி இணைப்பாகவும் பதிவது முறை. ஆண்டு மொத்தத்தை மட்டும் கொண்டால் இந்த இடைவெளிகள் மறைந்துவிடும்.

நாமக்கல் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அங்குள்ள பயணிகள் திருச்சி, கோவை நிலையங்களையும் நாடுகின்றனர்.