மேசையில் பிறந்த விண்வெளி

முதலில் நாவல், அப்புறம் தொடர், அதன் பிறகு விளையாட்டு என்று வருவதுதான் வழக்கம். ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளிக் கதை பிறந்த வரிசை இதற்குத் தலைகீழ்.

டை ஃபிராங்க் என்ற அமெரிக்கர், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றுக்காக ஓர் உலகத்தை யோசித்து வைத்திருந்தார். மனிதர்கள் செவ்வாயிலும் சிறுகோள்களிலும் குடியேறிய காலம். தண்ணீருக்கும் காற்றுக்கும் அடிதடி. அந்தத் திட்டம் நின்றுபோனது. உருவாக்கிய உலகத்தைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதிலேயே ஆடத் தொடங்கினார். ஒருவர் கதையை நகர்த்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் இப்போது இதைச் செய்கிறேன்’ என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

ஒரு கட்டத்தில், ஷெட் கார்வி என்ற மருத்துவ உதவியாளனாக ஆடியவர் தொடர முடியாமல் விலகினார். ஃபிராங்க் அந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிட்டார். நாவலிலும் ஷெட் அப்படித்தான் சாகிறான்: முன்னறிவிப்பே இல்லாமல், சட்டென்று. உட்கார்ந்து திட்டமிட்டு எழுதுகிறவர் ஒரு மரணத்தை இவ்வளவு அநியாயமாக வைக்க மாட்டார். வாழ்க்கையில் சாவு வருவது போலவே அது வருகிறது. அந்தத் தொடரின் உயிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

நியூ மெக்சிகோவில் ஃபிராங்கோடு ஆட வந்தவர்களில் நாவலாசிரியர் டேனியல் ஆபிரகாமும் ஒருவர். உலகம் முழுக்கத் தயாராக இருப்பதைப் பார்த்து, நாவலாக்கலாம் என்றார். ஜேம்ஸ் எஸ்.ஏ. கோரி என்ற ஒரே புனைபெயரில் இருவரும் எழுதிய முதல் நாவல் 2011-இல் வந்தது, ஒன்பதாவது 2021-இல். 2015-இல் தொலைக்காட்சித் தொடர். மூன்று பருவங்களோடு 2018-இல் அலைவரிசை கைவிட்டபோது, ரசிகர்கள் காசு சேர்த்து, சாண்டா மோனிகாவில் அமேசான் ஸ்டுடியோஸ் அலுவலகத்துக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தையே பறக்கவிட்டார்கள். அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு கோடையில் கிரீன் ரோனின் என்ற நிறுவனம், இக்கதையை மறுபடி மேசை விளையாட்டாக்கக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் கையேந்தியது. திண்டுக்கல் நாகல் நகர் பட்டறையில் பூட்டு செய்யச் சொல்லி அச்சாரம் கொடுப்பது மாதிரிதான் இதுவும். பொருள் பிறகு வரும். ஒரு வித்தியாசம், கேட்ட மொத்தத் தொகையும் சேராவிட்டால் யாரிடமும் ஒரு காசு எடுக்க மாட்டார்கள். இங்கே 5000-க்கும் மேற்பட்டோர் 4 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். 2019-இல் புத்தகம் வந்தது. அதற்கென்றே கோரி எழுதிய சிறுகதையும் அதில் உண்டு. ஆட்ட விதியும் அழகு. மூன்று பகடை உருட்ட வேண்டும். காரியம் கைகூடி, ஏதாவது இரண்டில் ஒரே எண் விழுந்தால், தனியாகக் குறித்த பகடையில் உள்ள எண்ணுக்கு ஏற்பச் சாகசம் செய்துகொள்ளலாம்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கல்கியின் நாயகன் வந்தியத்தேவன் நினைவுதான். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வாசகர்களைக் காக்க வைத்த ‘பொன்னியின் செல்வன்’ இன்று நாட்டுடைமை. யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. ஆதித்த கரிகாலன் கொலையுண்ட இரவில் கடம்பூர் மாளிகையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? விதிகளை எழுதத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். யாராவது தமிழில் தொடங்குங்கள். முதல் அச்சாரம் கொடுக்க நான் தயார்.