சொற்போருக்கான ஆயத்தம்: மணிமேகலையின் காஞ்சிப் பாடமும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

முன்னுரை

மாணவர் சொற்போருக்கான பயிற்சி இன்று பெரும்பாலும் பேச்சுப் பயிற்சியாகவே கொள்ளப்படுகிறது. குரல், மெய்ப்பாடு, மனப்பாடம் ஆகியவை பெறும் இடத்தை எதிர்த்தரப்பின் வாதத்தை ஆராய்தல் பெறுவதில்லை. மானாம்பதி, உத்திரமேரூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய காஞ்சிப் பகுதிக்கோ வாதத்திற்கு முறையாக ஆயத்தம் செய்த பழமரபு ஒன்று உண்டு. அம்மரபின் பாடவைப்பை மணிமேகலை வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஞ்சியின் கல்விச் சூழல்

கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் பல்லவர் தலைநகரின் கடிகையில் கல்வி பயிலச் சென்றதைத் தாளகுந்தாக் கல்வெட்டு கூறுகிறது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங், பௌத்த அறிஞர் தருமபாலரின் பிறப்பிடமாகக் காஞ்சியைக் குறிப்பிடுகிறார். பல சமயத்தாரும் ஒரே நகரில் கற்றும் கற்பித்தும் வந்த இச்சூழலே மணிமேகலை அறவண அடிகளிடம் அளவைநூல் கேட்டதற்குக் களமாகிறது.

காலஆய்வில் மறைந்த பாடம்

உ.வே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தபின், அதன் 29ஆம் காதை பெரிதும் காலஆய்வுக்கே பயன்பட்டது. அக்காதை நியாயப்பிரவேசத்தை ஒத்திருப்பதால் காப்பியம் திக்நாகருக்கு முந்தியதா, பிந்தியதா என்ற வினா எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார், குப்புசுவாமி சாஸ்திரி முதலியோரிடையே விவாதிக்கப்பட்டது. இவ்விவாதத்தில் அக்காதை ஒரு பாடத்திட்டமாகவும் விளங்குகிறது என்பது போதிய கவனம் பெறவில்லை.

கேட்டலே முதற்படி

மணிமேகலை அளவைநூலை முதலிற் கற்கவில்லை. 27ஆம் காதையில் வஞ்சி நகரில் அளவைவாதி, சைவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி உள்ளிட்ட பிற சமயத்தார் தத்தம் கொள்கைகளைக் கூறக் கேட்கிறாள். பெரும்பாலும் அவள் மறுத்துரைப்பதில்லை. காட்சியை மட்டுமே ஏற்கும் பூதவாதியிடம் மட்டும், தாய்தந்தையரை அறிவதும் கருதலளவையால் அன்றோ என வினவுகிறாள். எதிரி நாள்தோறும் ஏற்று வாழும் ஒன்றைக் கொண்டே அவன் கொள்கையை மடக்கும் முறை இது. இதன்பின்னரே காஞ்சியில் அளவைநூற் பாடம் தொடங்குகிறது.

பிழையறிதலே நடுப்படி

29ஆம் காதை காண்டல், கருத்தளவு என்னும் இரண்டை மட்டும் அளவையாக ஏற்கிறது. மலையில் தீ உண்டு என்பது பக்கம், புகையுடைமை ஏது, அடுக்களை திட்டாந்தம். உபநயம், நிகமனம் இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும். நல்வாதத்தின் உறுப்புகள் இவ்வளவில் சுருக்கமாக முடிகின்றன. பிழைகளோ விரிவாக எண்ணப்படுகின்றன: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என மொத்தம் 33.

இவற்றுள் சில பேசுவோன் தனக்குத்தானே முரணுவதைச் சுட்டுவன. தன் தாயை மலடி என்பது சுவசன விருத்தத்திற்குச் சான்று. சில ஏதுவின் அளவுமீறலைச் சுட்டுவன. ஒலி அறியப்படுவதால் அழியும் என்றால், அறியப்படுதல் அழியும் குடத்திற்கும் அழியா ஆகாயத்திற்கும் பொதுவாதலின் அவ்வேது எதையும் நிறுவாது. வேறு சில எதிரியின் கொள்கையை அறிந்தாலன்றி விளங்காதவை. இருவருள் ஒருவர் ஏற்காத காரணத்தைக் காட்டுதல் அன்னியதராசித்தம் எனப்படும். எதிரி எதை ஏற்பான் என்று அறியாதவனுக்கு இப்பிழை தன் வாதத்தில் உள்ளதே தெரியாது. வஞ்சியில் கேட்டல் முன்னும் காஞ்சியில் கற்றல் பின்னும் வைக்கப்பட்டதன் பொருத்தம் இங்குப் புலனாகிறது.

உத்திரமேரூர்ச் சான்று

விளக்கியுரைக்கும் ஆற்றலுக்கு இப்பகுதி அளித்த மதிப்பை முதற் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 921) உத்திரமேரூர்க் கல்வெட்டிலும் காணலாம். வாரியத்திற்குக் குடவோலையிடக் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும். ஆயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் வக்காணித்து அறிந்தவனுக்கு அரைக்கால் வேலி போதும். பாடம் ஒப்பித்தல் மட்டுமன்றிப் பொருள் விரித்துரைத்தலும் நிலவுடைமைத் தகுதியைத் தளர்த்தியது. இச்சலுகை பிரமதேய ஊரின் வேதம் வல்ல ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. காப்பியம் அளவைநூலை ஒரு கணிகை மகளுக்குக் கற்பிப்பது இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

அளவைநூல் கேட்டபின் மணிமேகலை எவரையும் வாதில் வெல்லச் செல்லவில்லை, நோன்பு மேற்கொள்கிறாள். எனவே காஞ்சிப் பாடத்தின் பயன் வெற்றியன்று, மெய்யும் பொய்யும் பிரித்தறிதலே. எனினும் அதன் வரிசை இன்றைய மாணவர்க்கும் பொருந்தும்: எதிர்த்தரப்பை முழுதும் கேட்டல், இருவரும் ஏற்கும் காரணத்தைத் தேர்தல், தன் வாதத்தின் பிழையைத் தானே முதலிற் காணுதல். இதற்குப் பெருஞ்செலவோ நகர்ப்புற வசதியோ வேண்டுவதில்லை. பிறர் எழுதித் தந்த உரையை ஒப்பிக்கும் சிற்றூர் மாணவர், எதிர்பாரா வினா எழும்போது திகைத்து நிற்கின்றனர். அவர்களுக்குத் தம் மண்ணின் மரபே 33 பிழைகளைக் கொண்ட பயிற்சி நூலொன்றைத் தந்துள்ளது. அதனைக் காலஆய்வுச் சான்றாக மட்டுமன்றி வகுப்பறைப் பாடமாகவும் பயில்வது தமிழாய்வு செய்யவேண்டிய பணியாகும்.