நீல்ஸ் போரின் மரபுச் சின்னம்: ஒரு குறியீட்டின் சான்று மதிப்பு

1947இல் இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கு டென்மார்க்கின் யானை விருது வழங்கப்பட்டது. அரச குடும்பத்தாருக்கும் நாட்டுத் தலைவர்களுக்குமே பெரும்பாலும் உரிய விருது அது. பெறுவோரின் மரபுச் சின்னத்தை ஃப்ரெடெரிக்ஸ்போர்க் கோட்டைத் தேவாலயத்தில் வைப்பது வழக்கம். பேராசிரியர் ஒருவரின் மகனான போருக்குப் புதிதாக ஒரு சின்னம் அமைக்கப்பட்டது: கேடயத்தின் நடுவே சிவப்பும் கறுப்புமாகச் சீன மரபின் யின்–யாங் வட்டம், எதிரெதிரானவை ஒன்றையொன்று நிறைவுசெய்யும் என்னும் பொருளில் ஓர் இலத்தீன் வாசகம்.

இயற்பியலாளர் ஃபிரிட்ஜாஃப் காப்ரா தம் 1975ஆம் ஆண்டு நூலில் இச்சின்னத்தைக் கீழைஞானத்துக்கும் நவீன அறிவியலுக்கும் உள்ள ஒத்திசைவின் சாட்சியாகக் காட்டினார். ஒரு படி மேலே சென்று, ஒருசேரப் பெற இயலாத விவரிப்புகள் இணைந்தே முழு விளக்கத்தைத் தரும் என்னும் போரின் நிரப்புமைக் கோட்பாடே சீனச் சிந்தனையில் வேர்கொண்டது என்போரும் உண்டு. இரு முடிவுகளையும் தாங்கும் வலு இச்சின்னத்துக்கு இல்லை.

முதலில், கால வரிசை இடம் தரவில்லை. நிரப்புமையைப் போர் 1927இல் இத்தாலியின் கோமோ மாநாட்டில் முன்வைத்தார். சீனாவுக்குச் சென்றது 1937இல்தான். யின்–யாங் வட்டத்தைப் பரிந்துரைத்தவரும் அவரல்லர். உடன் பணியாற்றிய ஸ்டெஃபான் ரோசன்டாலின் மனைவியும் வரலாற்றறிஞருமான ஹன்னா கோபிலின்ஸ்கி.

1937இல் போலோஞாவில் ஆற்றிய உரையில் புத்தரையும் லாவோட்சுவையும் போர் குறிப்பிட்டது உண்மையே. ஆனால் தாம் சுட்டுவது தருக்க அளவிலான ஒப்புமை மட்டுமே என்றும், அதைக்கொண்டு அணு இயற்பியலில் மறைஞானத்தை ஏற்றுவது தகாது என்றும் அங்கேயே வரம்பிட்டார்.

அந்த ஒப்புமையும் முழுமையானதன்று. யின்னும் யாங்கும் ஒரே வட்டத்தில் ஒரே வேளையில் உறைபவை. ஒன்றின் வித்து மற்றொன்றில் உண்டு. நிரப்புமையோ ஒன்றையொன்று விலக்கும் சோதனை அமைப்புகளைப் பற்றியது. இரட்டைப் பிளவுச் சோதனையில், எலக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே சென்றது என்பதை அறியும் கருவியைப் பொருத்தினால், அதன் அலைத்தன்மையைக் காட்டும் குறுக்கீட்டு வரிகள் மறைந்துவிடும். ஒருசேரக் காண இயலாது என்று போர் வலியுறுத்தியவற்றை அந்த வட்டம் ஒருசேரக் காட்டுகிறது.

அப்படியானால் இச்சின்னம் எதற்குச் சான்று? விடை, அதில் இடம்பெறாத ஒன்றில் இருக்கிறது. போருக்கு 1922ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றுத்தந்தவை அணுக் கட்டமைப்பு ஆய்வுகள். அவருடைய 1913ஆம் ஆண்டு அணு மாதிரியைப் பள்ளி மாணவரும் அறிவர். கேடயத்தில் அணு இல்லை. 1932இல் உயிரியலுக்கும் 1938இல் மனிதப் பண்பாடுகளுக்கும் நிரப்புமையை விரித்துப் பேசியவர் அவர். இயற்பியல் அடையாளம் எதுவுமற்ற ஒரு சின்னம் அந்த விரிவுக்கே பொருந்துகிறது. முன்னோரின் குலத்தையும் நிலத்தையும் சொல்லிவந்த கேடயத்தில், 62 வயதில், எல்லாத் துறைக்கும் உரியதாகத் தாம் கருதிய ஒரு சிந்தனை முறையை அவர் நிறுத்தினார். ஆகவே இச்சின்னத்தைப் போரின் கோட்பாடு பிறந்த கதைக்கு ஆதாரமாகக் கொள்ள இயலாது. அக்கோட்பாட்டின் எல்லை குறித்து அவர் கொண்டிருந்த பெருவிருப்பத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாம்.