துப்பறியும் நாவல்களும் நம் தோட்டத்து வாசகரும்

ஒருவனைத் "துப்பறியும் நாவல் படிப்பவன்" என்று சொல்லுவது, நம்மவரிடையே, கள்ளுக்கடைக்குப் போகிறவன் என்று சொல்லுவதற்குச் சற்றே குறைந்த வசையாகும். கற்றறிந்தோர் அந்நாவல்களை இகழ்ந்தனர். வைதிகர் ஒழுக்கக் கேடென்றனர். சீர்திருத்தம் பேசிய நம்மவர்களோ பாமரரின் பொழுதை விழுங்கும் பேய் என்றனர். இம்மூவகையாரும் ஒருமித்து நின்ற விஷயங்கள் மிகச் சில, அவற்றுள் இஃதொன்று. இதற்கு மாறாக ஒரு வார்த்தை சொல்ல யான் துணிந்தது, அப்புத்தகங்களில் எனக்குள்ள பற்றினால் மாத்திரமன்று. தோட்டத்து ஏழை மக்கள் எவ்வாறு வாசகராயினர் என்னும் சரித்திரத்தில் அவற்றுக்கு ஓர் இடமுண்டு. அவ்விடத்தை நாம் வெட்கத்தினால் மூடி வைத்திருக்கிறோம்.

யான் கிள்ளானுக்குத் தெற்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். ஆங்கில வழியிலேயே பயின்றவனாதலின், தமிழை எனக்குக் கற்பித்தது பள்ளிக்கூடமன்று. என் பாட்டியாரின் தகரப்பெட்டியிற் கிடந்த, அட்டை கிழிந்த நாவல்களே. அடுத்த பக்கத்தில் என்ன நேரும் என்னும் ஆவலினால் எழுத்துக் கூட்டினேன். திருக்குறளுக்கு வந்து சேர்ந்தது அதற்கு வெகுகாலம் பின்னரே.

தமிழில் இவ்வகைக் கதைக்கு வித்திட்டவர் பண்டித நடேச சாஸ்திரியார். போலீஸ் நிபுணன் தானவன் கண்டுபிடித்த குற்றங்களைப் பற்றிய அவரது நூல் 1894இல் வெளிவந்தது. "பிரதாப முதலியார் சரித்திரம்" வெளிவந்து (1879) பதினைந்து வருஷங்களே சென்றிருந்த காலம் அது. எனவே, தமிழ் நாவல் நடக்கப் பழகிய உடனே துப்பறியவும் தொடங்கிவிட்டது எனலாம். அதன்பின் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் வந்தனர். "ஜகன்மோகினி"யை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மையாரையும் இவர்களோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். எழுதப் பழகுமுன்னரே, வாயாற் சொல்லித் தோழியைக் கொண்டு எழுதுவித்த பெண்மணி அவர்; பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை இயற்றினார். படியாதவர்களுக்கு இதைக்காட்டிலும் ஊக்கமூட்டும் செய்தி வேறென்ன வேண்டும்?

இவர்களிற் பலர் ஆங்கிலக் கதைகளைத் தழுவினர் என்பது மெய். ரெயினால்ட்ஸ் என்பவரே அவர்களுக்குப் பெருஞ்சுரங்கமாக விளங்கினார். அன்னாரைக் "குப்பை எழுத்தாளர்" என்று நம் பண்டிதர்கள் ஒதுக்கியதுண்டு. ஆயின் அந்த ரெயினால்ட்ஸ் யார்? 1844 முதல் லண்டன் நகரத்து மர்மங்களை வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் தொழிலாளருக்கென எழுதியவர்; எல்லா ஆண்மக்களுக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் முன்னணியில் நின்றவர்; 1848ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் டிரபால்கர் சதுக்கத்துக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தவர். சீமான்களின் மாளிகையினுள் நடக்கும் களவை ஏழைக்குக் காட்டுவதே அவர் கதைகளின் போக்கு. தமிழுக்கு வந்தபொழுது அவருடைய திடுக்கிடும் சம்பவங்கள் வந்தன. அவருடைய கோபம் கப்பலேறவில்லை. என் மனத்தாங்கல் இதுதான். தழுவியதைக் குற்றமென்று சொல்லேன். தழுவியதிற் பாதியை விட்டுவந்ததே குற்றம்.

நிற்க. இப்புத்தகங்கள் இந்நாட்டை வந்தடைந்த வழி எது? 1926க்குப் பின் "ரஜுலா" முதலிய கப்பல்கள் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் புறப்பட்டுப் பினாங்குக்கும், போர்ட் சுவெட்டன்ஹாம் என்று அக்காலத்தில் வழங்கிய கிள்ளான் துறைமுகத்துக்கும் ஆட்களைக் கொணர்ந்தன. மூட்டைகளுக்குள் புத்தகமும் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த உத்தியோகஸ்தர் படித்து முடித்தது, உறவினர் கைமாறி, ஒரு நாள் தோட்டத்து லயத்தை வந்தடையும் என்று என் பாட்டியார் சொல்லுவார். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தினால் தோட்டங்களில் பள்ளிகள் எழுந்தன. அங்கே கற்றுக்கொடுத்தது எழுத்தும் கணக்கும் மாத்திரமே. எழுத்துக் கற்றவனை வாசகனாக்கும் வேலையை நாவல்கள் ஏற்றுக்கொண்டன. ஒருவர் படிக்க, விளக்கைச் சுற்றிப் பத்துப் பேர் கேட்பர். "அப்புறம்?" என்னும் ஒரு சொல்லே அந்தச் சபையின் இலக்கிய விமர்சனம்! இந்நாட்டிலேயே 1917இல், "கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி" என்னும் நாவலை வெங்கடரத்தினம் என்பார் எழுதி வெளியிட்டார் என்றால், படிக்க ஆளில்லாமலா எழுதினார்?

இனி என் சொந்த அபிப்பிராயம். மூவருள்ளும் எனக்கு உகந்தவர் ரங்கராஜு. அவருடைய துப்பறியும் கோவிந்தன் அதிகம் பேசுபவனல்லன். கதையும் வீண் வருணனையில் நின்று இளைப்பாறுவதில்லை. "சந்திரகாந்தா"வில் மடாதிபதியின் திரையை அவர் விலக்கிய துணிவை, நூறு மேடைப் பிரசங்கங்களுக்கு ஈடாக மதிக்கிறேன். 1936இல் அது படமாக வந்தபொழுதும் அந்தப் பண்டார சந்நிதியையே ஜனங்கள் நினைவில் வைத்தனர். வடுவூரார் கதை பின்னுவதில் அவரினும் வல்லவர். "மேனகா"வை எடுத்தால் கீழே வைக்க முடியாது. எனினும், நாத்திமாராகிய விதவைகளைக் கொடுமையின் உருவமாகவே தீட்டியிருக்கும் அந்நூலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆத்திரம் உண்டாகிறது. வாழ்வு தொடங்குமுன்னே ஒரு பெண்ணை மூலையில் உட்கார்த்திய கை யாருடையது? துப்பறிய வேண்டிய குற்றம் அங்கேயல்லவா இருக்கிறது! அதை ஆசிரியர் தொடவில்லை. பிற்காலத்துத் தமிழ்வாணனின் சங்கர்லாலையும் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரையும் விரும்பிப் படித்தேன். மறுமுறை படிக்கத் தோன்றவில்லை.

மறுபடியும் மறுபடியும் படித்தது ஆங்கில நூலொன்றே. வில்க்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட "சந்திரகாந்தக் கல்". 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொள்ளை போன வைரமொன்று இங்கிலாந்தில் களவு போகிறது. எல்லோரும் முதலில் சந்தேகிப்பது மூன்று இந்தியர்களை. உண்மைக் கள்வன் யாரென்று இங்கே கூறேன். படியாதவர் சாபத்துக்கு ஆளாக விருப்பமில்லை. என்னைக் கவர்ந்தது கதை சொல்லும் முறையே. கண்டவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தம் வாயாலே சொல்லுகின்றனர். முதலில் பேசுபவன் வீட்டுக் காரியஸ்தன். தமிழில் அவ்விதம் ஒரு நாவல் வேண்டும். பால்மரம் வெட்டியவள் ஒரு பகுதி சொல்ல, கங்காணி ஒரு பகுதி சொல்ல, கிராணியும் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டும்.

கிராணியின் வாக்குமூலம் இனிமையாயிராது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தபோது, ஆர். எச். நாதன் முதலியோர் வகுத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் ஒழிய வேண்டுமென்பது. அரசாங்கம் நாதனைச் சிறைப்படுத்திப் பட்டாளத்தை அனுப்பிற்று. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். யான் இன்று அமரும் நாற்காலிக்கு முன்னால் எத்தனை பேர் சைக்கிளை விட்டிறங்கினரோ!

ஒரு நாள் பழைய அலமாரியைச் சுத்தம் செய்கையில் ஜப்பான் காலத்துச் செக்ரோல் புத்தகமொன்று அகப்பட்டது. 1943ஆம் வருஷத்துப் பக்கங்களில் பெயருக்குப் பெயர் சிவப்பு மையாற் கோடு. இறந்தான் என்றோ, ஓடினான் என்றோ ஒரு சொல்லுமில்லை. சயாம் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலார் தோட்டத்துத் தமிழர். ஆர். சண்முகம் "சயாம் மரண ரயில்" எழுதினார், அ. ரெங்கசாமி "நினைவுச் சின்னம்" எழுதினார். அவற்றைப் படித்திருந்தும் அந்தச் சிவப்புக் கோட்டை நேரில் கண்டபோது கை நடுங்கிற்று. கோடு விழுந்தவற்றுள் ஒன்று என் பாட்டியாருடைய தகப்பனாரின் பெயர்.

லயத்தில் நாவல் படித்துக் காட்டியவர் அவரே. "இராஜாம்பா"ளைப் பாதியில் நிறுத்திவிட்டு லாரியில் ஏறினாராம். அப்பொழுது பாட்டியாருக்கு வயது ஏழு. எழுத்தறியாத அவர் அப்புத்தகத்தை அறுபது வருஷங்களுக்கு மேலாகப் பெட்டியில் வைத்திருந்தார். கடைசி நாற்பது பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. பின்னர் யான் மறுபதிப்பொன்றை வருவித்து, மூன்று மாலைகளில் மீதியைப் படித்துக் காட்டினேன். கோவிந்தன் எல்லாவற்றையும் வெளிப்படுத்தி முடித்தான். பாட்டியார் சற்று நேரம் பேசாதிருந்து, "அதெல்லாம் அப்பவே எங்கப்பா சொல்லிட்டாரு ஐயா. இப்படித்தான் முடியும்னு சொல்லிட்டுத்தான் போனாரு," என்றார். அது மெய்யோ, தகப்பனாரை விட்டுக்கொடாத மகளின் பேச்சோ, யான் அறியேன்.

பிரிக்பீல்ட்ஸிலோ, கிள்ளானிலோ, காப்பாரிலோ, எந்தத் தோட்டத்திலோ, அன்பர்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பழைய நாவல்கள் கிடக்குமாயின், பழைய பேப்பர்காரனுக்குப் போடுமுன் ஒருமுறை முன்னட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். வாங்கிய தேதியும், கைமாறிய பெயர்களும், சிலவற்றில் கடன் கணக்கும் எழுதியிருக்கும். புத்தகத்தைக் கொடுக்க மனமில்லாவிடினும், அந்த ஒரு பக்கத்தைப் பிரதி செய்து இப்பத்திரிகைக்கு அனுப்புவீர்களாயின், யான் ஒழுங்காகப் பதிந்து வைப்பேன். பதிவதுதானே எனக்குத் தெரிந்த தொழில்.